மக்கர் செய்யும் விசைப்பலகை

மடிக்கணினியின் விசைப்பலகை அடியோடு செத்துப்போனால் சிக்கல் சிறியது. புதிது மாற்ற வேண்டியதுதான். காலையில் எழுதும், மதியம் எழுதாது, அணைத்துப் போட்டால் மறுபடி எழுதும் என்கிற கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லா எழுத்தும் ஒழுங்காக விழுந்து மானத்தை வாங்கும். இதற்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறியக் கிடைக்கும் நல்ல தடயம், எந்தெந்த விசைகள் சேர்ந்து நிற்கின்றன, எந்த நேரத்தில் நிற்கின்றன என்பதே.

விசைகளுக்கு அடியில் இரண்டு மெல்லிய பாலியெஸ்டர் தாள்கள் இருக்கின்றன. வெள்ளி கலந்த மையால் ஒன்றில் குறுக்குக் கோடுகளும் மற்றதில் நெடுக்குக் கோடுகளும் அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் துளையிட்ட மூன்றாவது தாள் இரண்டையும் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. விசையை அழுத்தினால் ரப்பர் குமிழ் அமுங்கி, அந்தத் துளை வழியே இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்ளும். விசைக்கு ஒரு கம்பி என்று வைத்தால் கிட்டத்தட்ட நூறு கம்பி வேண்டும். 8 குறுக்கு, 16 நெடுக்கு என்று அமைத்தால் 24 கோடுகளிலேயே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சில்லு இந்தக் கோடுகளை நொடிக்குப் பலமுறை வரிசையாகச் சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று பார்க்கிறது.

ஆகவே ஒரு கோடு அறுந்தால் அதைச் சேர்ந்த விசைகள் எல்லாம் ஒன்றாகப் போகும். அவை பலகையில் அக்கம்பக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் எழுத்து, ஓர் எண், ஓர் அம்புக்குறி என்று சம்பந்தமே இல்லாத விசைகள் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் உயிர் பெற்றால், பழுது கோட்டிலோ, அதை மதர்போர்டுக்குக் கொண்டுசெல்லும் ரிப்பன் கேபிளிலோதான் இருக்கும். ஒரே ஒரு விசை மட்டும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் தூசி, அல்லது குமிழ் தேய்ந்திருக்கிறது. எல்லா விசைகளும் மொத்தமாக நின்று மொத்தமாகத் திரும்பினால் கேபிளின் பூட்டு, சில்லு, மென்பொருள் ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம்.

தூசியைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது. 2015இல் ஆப்பிள் நிறுவனம் மேக்புக்கில் கொண்டுவந்த மிக மெல்லிய ‘பட்டர்ஃபிளை’ விசைகள் துகள் புகுந்தே பேர் கெட்டன. 2018இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்க நேர்ந்தது; பின்னர் அந்த வடிவமே கைவிடப்பட்டது. தூசிக்கு நம் பக்கமும் குறைவில்லை. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. சின்னமனூரை ஒட்டிய மார்க்கையன்கோட்டையைப் போல வயல் சூழ்ந்த ஊர்களில், ஆனி ஆடிக் காற்றும் அறுவடை நேரத்து நெல் சுணையும் சன்னல் வழியே வந்து மேசையில் படிவது வழக்கம். திறந்தபடி கிடக்கும் மடிக்கணினிக்கு மட்டும் அது விலக்குத் தராது. தின்பண்டத் துணுக்கு விழுந்திருந்தால் சிற்றெறும்பும் உள்ளே போகும்.

தூசியைவிடக் கெட்டது சிந்திய டீ. பாலும் சர்க்கரையும் காய்ந்து தாள்களுக்கிடையே பசையாகப் படியும். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. அதனால் வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் அந்தப் படிவு ஈரம் கொண்டு, மின்சாரம் கசிய வழிவிடும். அழுத்தாத விசை அழுத்தியதாகச் சில்லுக்குத் தோன்றும். கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் விசைகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிவிட்டால் மற்ற எழுத்துகள் எதுவும் எழுத்தாக விழாது, கட்டளையாகவே போகும். பலகையே செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். டீ சிந்தாத பலகையிலும் ஈரம் வேறொரு வேலை செய்யும். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கும்போது, ஈரத்தில் வெள்ளி அயனிகள் மெல்ல நகர்ந்து, வேர்போல வளர்ந்து கோடுகளை இணைத்துவிடக்கூடும். வெள்ளி இடப்பெயர்ச்சி என்று மின்னணுவியலில் இது நன்கு அறியப்பட்டது.

அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகே விசைகள் நிற்கின்றன என்றால், மயிரிழை விரிசல் விட்ட கோடோ தளர்ந்த கேபிளோ சூட்டில் விலகுகிறது என்று கொள்ளலாம். பலகையின் நடுப்பகுதி மேடாகவோ, டச்பேட் அழுத்த முடியாமல் இறுகியோ இருந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்படியானால் விசைகளை மறந்துவிட்டு, சார்ஜ் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும்.

கடைக்குப் போகுமுன் மென்பொருளைக் கழித்துக்கட்டுவது நல்லது. கணினி துவங்கும்போதே பயாஸ் திரைக்குள் சென்று அம்புக்குறிகளையும் என்டரையும் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்க்கலாம். அங்கே விண்டோஸ் இன்னும் வந்திருக்காது. அங்கும் மக்கர் செய்தால் பழுது வன்பொருளில். அங்கே சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் நின்றால் டிரைவரிலோ அமைப்பிலோ. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் சேர்ந்து வந்தது. அத்தகைய கணினியில் சோதனை இன்னும் எளிது: ஒன்றில் எழுதி மற்றதில் எழுதாவிட்டால் பலகைமேல் குற்றமில்லை.

விண்டோஸில் வழக்கமான குற்றவாளி ‘ஃபில்டர் கீஸ்’. வலப்பக்க ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் அதைப் போடலாமா என்று கணினி கேட்கும். படிக்காமல் சரி என்று சொல்லிவிட்டால் அதன்பின் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கும் விசையை மட்டுமே ஏற்கும். தூக்க நிலையிலிருந்து எழுந்தபின் மட்டும் பலகை நிற்கும் கோளாற்றுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் விசைப்பலகையைக் கவனித்தது இன்டெலின் 8042 சில்லு. இன்றும் பல மடிக்கணினிகளில் உள்ளிருக்கும் சில்லு அந்த 8042ஆகவே நடித்துத்தான் இயங்குதளத்தோடு பேசுகிறது. தூங்கி எழும்போது இந்தப் பேச்சு சில நேரம் அறுந்துபோகும். கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் சில்லு புதிதாகத் தொடங்கும். டிவைஸ் மேனேஜரில் விசைப்பலகையை நீக்கி மறுபடி துவக்கினால் டிரைவர் தானாக அமர்ந்துகொள்ளும்.

வன்பொருள்தான் என்று தெரிந்தால் முதலில் கேபிளைக் கழற்றி, முனையைத் துடைத்து, பூட்டை இறுக்கிப் பார்க்க வேண்டும். பலகையையே மாற்றச் சொல்லும் கடைக்காரரிடமும் இதைக் கேட்டுப் பெறலாம். சுத்தம் செய்ய ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஏற்றது. கிளிசரினும் தண்ணீரும் கலந்த கை சானிடைசர் ஆகாது. அச்சிட்ட கோடு அரித்துப்போயிருந்தால் மாற்றுவதே மலிவு. புதிய மாடல்கள் பலவற்றில் பலகை மேல்மூடியோடு சேர்த்து அறையப்பட்டிருப்பதால் செலவு கூடும். அவசரத்துக்கு யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகி வேலையைத் தொடரலாம். சின்னமனூருக்கோ தேனிக்கோ பழுது பார்க்கக் கொண்டுபோகிறவர்கள், நின்ற விசைகள் எவை, எத்தனை நேரம் ஓடியபின் நின்றன, அன்று மழையா வெயிலா என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.