சக்கரை கம்மி என்றால் எவ்வளவு கம்மி?

“சக்கரை கம்மி” என்று டீ மாஸ்டரிடம் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். மாஸ்டர் கணக்கு வேறு. கிளாஸின் அடியில் ஸ்பூனில் சர்க்கரையைக் கூம்பாக அள்ளிப் போடுவது அவர் கைப்பழக்கம். கம்மி என்று கேட்டால் கூம்பு கொஞ்சம் தட்டையாகும், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் டீ குடித்தபடி ஒருவர் என்னிடம் இதைப் பற்றித்தான் குறைப்பட்டுக்கொண்டார். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு போடுகிறவர், எனக்கு அண்ணன் முறை. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனையில் 6.1 வந்திருக்கிறது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5 தொட்டால் நோய். இவர் நடுவில் நிற்கிறார். மாத்திரை இன்னும் இல்லை. இனிப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “கரும்பு போடுறவனையே சக்கரையைத் தொடாதேன்னா, இது என்னப்பா நியாயம்?” என்றார்.

நியாயமான கேள்விதான். மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. அரைவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் பஸ்ஸே ஊர்ந்துதான் போகும். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 90 கிலோ சர்க்கரை தேறும். அதை வளர்க்கிறவருக்கு இனிப்பு என்றால் உயிராக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அண்ணனுக்குக் கெடுதல் செய்தது தீபாவளி அதிரசம் இல்லை என்பது என் எண்ணம். அதை அவர் ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வரம்பு சொன்னது. நாம் சேர்க்கிற சர்க்கரையிலிருந்து வரும் கலோரி, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு முதல் வரம்பு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் ஏறத்தாழ 25 கிராமில்தான் வந்து நிற்கிறது. மட்டமாக எடுத்த ஒரு டீஸ்பூன் 4 முதல் 5 கிராம். ஆக, நாள் முழுவதற்கும் ஐந்தாறு ஸ்பூன்.

அண்ணன் நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர். விடியற்காலை வயலுக்குப் போகும்முன் ஒன்று, திரும்பி வந்து ஒன்று, டவுனுக்கு வந்தால் யாரைப் பார்த்தாலும் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன், 40 கிராமுக்கு மேல். வாயில் ஒரு மிட்டாய்கூடப் போடாமலே வரம்பு போய்விட்டது. “அது டீ இல்லையா, அதையுமா இனிப்புன்னு சொல்றே?” என்று கேட்டார். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. லட்டு சாப்பிடும்போது இனிப்பு சாப்பிடுகிறோம் என்று தெரிகிறது. ருசிக்கிறோம், போதும் என்கிறோம். டீச் சர்க்கரை கணக்கிலேயே வராமல் உள்ளே போகிறது.

ரேஷன் கடையை வைத்து இன்னொரு கணக்கு. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ஆளுக்கு அரைக் கிலோ சர்க்கரை, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் அதை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 16, 17 கிராம். வரம்புக்குள் கச்சிதமாக உட்காருகிறது! உடல்நலத்தை நினைத்து இந்த அளவை யாரும் வகுத்திருக்க மாட்டார்கள் என்றாலும், வீட்டுக்கு இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை. ரேஷன் சர்க்கரையோடு மாதம் ஓடுகிறதா, நடுவில் மளிகைக் கடையில் இன்னும் இரண்டு கிலோ வாங்குகிறோமா என்று பார்த்தாலே வீட்டின் நிலவரம் தெரிந்துவிடும்.

பங்கீட்டுச் சர்க்கரை உடம்புக்கு என்ன செய்யும் என்பதைப் பிரிட்டனில் கணக்கெடுத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. 1953 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். எடுத்தவுடன் பெரியவர்கள் சாப்பிட்ட அளவு நாளைக்கு 40 கிராம் சுமாரிலிருந்து 80 கிராமுக்குத் தாவியது. பங்கீடு இருந்தபோது கருவிலும் முதல் இரண்டு வயதிலும் இருந்தவர்களை, அதற்குச் சற்றுப் பின்னால் பிறந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. முன்னவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு. வந்தவர்களுக்கும் நான்கு ஆண்டு தள்ளி வந்திருக்கிறது. இதைச் சொன்னதும் அண்ணன் தன் பேத்தியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் பாலில் சர்க்கரை போடாமல் இருப்பதுதான் இந்த முழு விஷயத்திலும் மலிவான வேலை. சர்க்கரை போட்ட பாலைக் குடித்தறியாத குழந்தை அதைக் கேட்டு அடம்பிடிப்பதில்லை.

அடுத்த கேள்வியை எதிர்பார்த்தேன், வந்தது. “அப்ப நாட்டுச் சக்கரைக்கு மாறிடட்டுமா?” உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் கருப்பட்டிக் காபி, நாட்டுச் சர்க்கரை டீ என்று பலகை வைத்த கடைகள் பெருகியபிறகு எல்லோருக்கும் இதே நம்பிக்கை. வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். வெல்லத்திலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஏதோ ஒரு சர்க்கரைதான்; மீதி ஈரமும் கொஞ்சம் தாதுக்களும். வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறது, உண்மை. ஆனால் 20 கிராம் வெல்லத்தில் 1 மில்லிகிராம் தேறினால் பெரிது. ஒரு பெண்ணுக்கு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம். முருங்கைக்கீரையைச் சாப்பிடாமல் வெல்லத்தை நம்பினால் ரத்தசோகை போகாது, சர்க்கரைதான் ஏறும். கொப்பரையில் காய்ச்சி அழுக்கெடுத்து இறக்கிய வெல்லத்துக்கு மணம் உண்டு, பொங்கலுக்கு அதற்கு ஈடில்லை. ருசிக்காக வாங்குங்கள், மருந்தாக நினைக்காதீர்கள். பளிச்சென்ற மஞ்சளில் இருந்தால் நிறத்துக்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டிருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள். கல்வராயன் மலைத் தேனும் இதே கணக்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் 25 கிராமுக்குள் தேனும் பழச்சாறும் அடக்கம்.

பழச்சாறு எப்படி என்று கேட்பவர்களுக்குக் கரும்பையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பொங்கலன்று ஒரு கணுவைக் கடித்து மென்று துப்பத் தாடைக்கு எவ்வளவு வேலை! இரண்டு கணுவுக்குள் பல் கூசும். அதே கரும்பை மெஷினில் விட்டு எலுமிச்சை, இஞ்சி சேர்த்து 200 மில்லி கிளாஸில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் 25, 30 கிராம் சர்க்கரை வயிற்றில் இருக்கும். கொய்யாவைக் கடித்துச் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான். நார் இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் நிதானமாக ஏறுகிறது, வயிறும் நிறைகிறது.

சரி, எப்படிக் குறைப்பது? நாளையிலிருந்து ஒரு துளி கிடையாது என்று சபதம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அடுத்த பண்டிகை வருவதற்குள் கலைத்துவிடுகிறார்கள். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் சிலரை மூன்று மாதம் சர்க்கரையைப் பெருமளவு குறைக்கச் செய்து பார்த்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. இரண்டாம், மூன்றாம் மாதத்தில், முன்பு சாப்பிட்ட அதே புட்டிங் அவர்கள் நாக்குக்குக் கூடுதலாகத் தித்தித்தது. நாக்கு பழகுகிறது, ஆனால் வாரக்கணக்கில். கூடவே இன்னொன்றையும் கண்டார்கள்: இனிப்பின் மேல் இருந்த ஆசை குறையவில்லை. கட்டுப்பாட்டை எடுத்ததும் பழைய அளவுக்கே போய்விட்டார்கள். ஆசை செத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். குறைந்த அளவிலேயே தித்திப்புத் தெரியும்படி நாக்கைப் பழக்கலாம், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு நான் சொன்ன வழி இது. டீக்கடையில் “சக்கரை போடாம கொடுங்க, அதைத் தனியா கொடுங்க” என்று கேட்க வேண்டும். இரண்டு ஸ்பூனுக்குப் பதில் ஒன்றரை, அதுவும் கூம்பில்லாமல், தானே போட்டுக்கொள்வது. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று. பிறகு அரை. ஐந்து டீயை மூன்றாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சர்க்கரைக்குப் பதிலான மாத்திரையையோ சொட்டுத் திரவத்தையோ நான் சொல்லவில்லை. எடை குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்தியது (ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது). சாயங்காலம் நாலு மணிக்கு வரும் இனிப்பு ஆசையில் பாதி, பசி. வேர்க்கடலை அவித்துச் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

மலைப்பக்கம் சொந்தம் உள்ளவர்கள் சிறுகுறிஞ்சானைச் சொல்வார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் படரும் கொடி. இலையை மென்றுவிட்டு ஒரு வாய் சர்க்கரையைப் போட்டால் மணலைக் கடிப்பது போல இருக்கும், தித்திப்பே இருக்காது. மந்திரமில்லை: இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் விலகிவிடும். கசப்பும் உப்பும் அதுவரை வழக்கம்போலத் தெரியும். தின்னத் தின்ன அடங்காத மைசூர்பாகு ஆசைக்கு இது வேடிக்கையான தடுப்பு. கல்யாணப் பந்திக்குப் போகுமுன் மென்றுவிட்டுப் போனால் சமையல்காரர் சாபம் விடுவார். ஆனால் அதன் பொடியைக் கரண்டிக் கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் அதைச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.

“நாங்க எல்லாரும் சக்கரையைக் குறைச்சா ஆலை என்னாகும்?” என்றும் அண்ணன் கேட்டார். நம் டீ ஸ்பூனால் ஆலை நின்றுவிடாது. நாட்டில் விற்கிற சர்க்கரையில் பாதிக்கு மேல் போவது பிஸ்கட், குளிர்பானம், இனிப்புக் கடைகளுக்கு. 250 மில்லி கோலாவிலேயே 26 கிராம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் ‘சேர்த்த சர்க்கரை’ என்று தனி வரி இருக்கும். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று வந்தாலும் சர்க்கரைதான். பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பவுடர்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி ஒன்றிய அரசு 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது.

டீயில் சர்க்கரையை விட்டுவிட்டு மத்தியானம் குவியலாகச் சோறு வைத்துக்கொண்டால் கதை மாறாது. சோறும் உடம்புக்குள் குளுக்கோஸ்தான். சென்னை டாக்டர்கள் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-இல் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. அது டீச் சர்க்கரையால் மட்டும் வந்ததில்லை. சோற்றுக்குப் பதிலாகச் சொல்லப்படும் வெள்ளிமலைச் சாமையும் மாவுச்சத்துதான். நல்ல தானியம், அளவாகச் சாப்பிட்டால். தட்டில் பாதியைக் காயும் பருப்பும் பிடித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு. சாப்பாட்டை மாற்றும்முன் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். வெளியே போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் மூன்று ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளவைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் நாட்டுச் சர்க்கரையா, வெள்ளையா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.