அகாராவுக்கு வெளியே விரிந்த மேட்

ஹரியானா பொண்ணுங்க மல்யுத்தத்துக்கு வந்த கதைன்னா எல்லாரும் 'தங்கல்' படத்தைத்தான் சொல்லுவாங்க. மகாவீர் போகட் பலாலி கிராமத்தில் மகள்களைத் தயார் செய்தது உண்மைதான். ஆனா அவருடைய குரு சந்த்கி ராம், அதற்கு முன்னாடியே டெல்லியில் தன் மகள்களைக் களத்தில் இறக்கிவிட்டார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். அவருக்கே கடும் எதிர்ப்பு! படம் எடுக்க வேண்டிய ஆள் இவர்தான் என்பேன்.

ஏன் எதிர்ப்பு? அகாரா என்பது வெறும் மண் கோதா இல்லை. அங்கே அனுமார் வழிபாடு, குருவுக்குப் பணிவிடை, பிரம்மச்சரியம் எல்லாம் உண்டு. பெண் அந்த மண்ணை மிதிக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

ஒலிம்பிக் மல்யுத்தமோ மேட் மேல் நடப்பது. ஒரு கொட்டகையில் மேட் விரித்தால் போதும், அகாராவின் அனுமதி தேவையில்லை. 2004 ஏதென்ஸில் பெண்கள் பிரிவும் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2010 டெல்லி காமன்வெல்த்தில் கீதா போகட் தங்கம், 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம். பதக்கம் வென்றால் மாநில அரசு ரொக்கமும் வேலையும் தருது. பல அப்பாக்கள் மனசு மாறினதுல இதுக்குப் பெரிய பங்கு.

ஆனா அகாராவில் குரு இருந்த இடத்தில் இப்போ கூட்டமைப்பு. யார் போட்டிக்குப் போகலாம்னு அதுதான் முடிவு செய்யும். 2023-இல் அதன் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தாங்க. டிசம்பரில் நடந்த தேர்தலில் அவருக்கு நெருக்கமானவரே ஜெயித்தார். அன்றைக்கே சாக்‌ஷி தன் ஷூவை மேஜை மேல் வைத்துவிட்டு விளையாட்டிலிருந்து விலகினார்.