நீதிமன்றம் தந்த வேலை: முதல் சந்திப்பில் என்ன சொல்ல வேணும்?

நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் எல்லாருக்கும் சிறைதான் என்றில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 40 முதல் 300 மணித்தியாலம் வரை சம்பளமில்லாமல் வேலை செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 'கொம்யூனிட்டி பேபக்' என்று சொல்வது இதைத்தான். வழமையாக 12 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும்.

"எனக்குத்தான் வேலை செய்ய அனுமதி இல்லையே, போனால் பிடித்துவிடுவார்களோ?" என்று சிலர் பயந்து போகாமல் விடுகினம். இது உத்தியோகம் அல்ல, தண்டனை. போகாமல் விடுவதுதான் ஆபத்து.

எத்தனை மணித்தியாலம் என்பதை நீதிமன்றம் சொல்லும். எங்கே, என்ன வேலை என்பதை புரபேஷன் அலுவலகம் தீர்மானிக்கும். பூங்கா துப்புரவு, சுவருக்குப் பெயின்ட் அடித்தல், சரிட்டி கடையில் துணி அடுக்குதல் என்று பல விதம். குழுவாக வெளியில் வேலை செய்பவர்களுக்கு, 2008 இல் அறிமுகமான செம்மஞ்சள் அங்கி பெரும்பாலும் கொடுப்பார்கள்.

வேலைக்கு முன்பு உங்களைக் கூப்பிட்டு உடல்நிலை, குடும்பம், நேரம் எல்லாம் கேட்பார்கள். அது பொலிஸ் விசாரணை இல்லை. உங்களுக்குப் பொருத்தமான இடத்தைத் தேடுவதற்கான கேள்விகள். எங்கடை ஆட்கள் எல்லாத்துக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிப்போட்டு வருவினம். ஊரில் படிப்பித்த காலத்திலும் பார்த்தேன், விளங்காத பிள்ளைதான் முதலில் தலையாட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று முன்கூட்டியே கேளுங்கோ. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்க விடாதீங்கோ.

முக்கியமாக உடம்பைப் பற்றிச் சொல்லுங்கோ. தடுப்புக் காவலில் அடிபட்ட தோளோடு நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்க ஏலாது. நடந்த எல்லாத்தையும் விபரிக்கத் தேவையில்லை. "பாரம் தூக்க முடியாது, கனநேரம் நிற்க முடியாது" என்று சொல்லி, ஜீபியின் கடிதம் இருந்தால் காட்டுங்கோ. இரவில் நித்திரை இல்லை, காலையில் மருந்து மயக்கம், ஆண்கள் கூட்டமாக நின்றால் அல்லது சீருடையைக் கண்டால் நடுக்கம் என்றால் அதுவும் வருத்தம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக, உள்ளே செய்யும் வேலை இருக்குமா என்று கேட்கலாம்.

சமயம், படிப்பு, வேலை நேரங்களோடு இயன்றவரை முரண்படக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஞாயிறு தேவாலயம், வெள்ளி கோயில் இருந்தால் சொல்லுங்கோ. ஆனால் ஏழு நாளும் கோயில் என்றால் ஒருவரும் நம்பமாட்டினம்! ஹோம் ஒபிஸில் கையெழுத்து வைக்கும் நாள், நேர்முகத் திகதி, பிள்ளையைப் பள்ளியால் எடுக்கும் நேரம் ஆகியவற்றின் கடிதங்களைக் கொண்டு போங்கோ. மணித்தியாலங்களில் ஒரு பகுதியைப் பயிற்சியில் கழிக்கவும் இடமுண்டு. ஆங்கில வகுப்பு பற்றி விசாரியுங்கோ.

இதைச் சொல்லாமல் பொருந்தாத வேலையை ஏற்றால், இரண்டு கிழமையில் நின்றுவிடுவீர்கள். தகுந்த காரணமின்றி ஒருமுறை தவறினால் எச்சரிக்கைக் கடிதம் வரும். 12 மாதத்துக்குள் மறுபடியும் தவறினால் வழக்கு திரும்ப நீதிமன்றம் போகும். மணித்தியாலம் கூடலாம், சிறையும் கிடைக்கலாம். வருத்தம் வந்தால் வேலை தொடங்க முன்னமே தொலைபேசி எடுத்து, வைத்தியரின் அத்தாட்சியைக் கவனமாக வையுங்கோ.

தண்டனை கிடைத்ததை உங்கள் குடிவரவுச் சட்டத்தரணிக்கு உடனே தெரிவியுங்கோ. மறைத்தால் புகலிட வழக்கில் பிறகு சிக்கல் வரும். எங்களிடம் வரும்போது நீதிமன்ற உத்தரவையும் புரபேஷன் கடிதங்களையும் உறையோடு கொண்டு வாங்கோ.