லூசியானாவில் மண்ணின் கணக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1932இற்குப் பின் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றர் கரையோர நிலத்தைக் கடலிடம் இழந்துவிட்டது. மிசிசிப்பி ஆற்றின் வண்டல் படிந்து உண்டான சதுப்பு நிலம் அது. 1927 பெருவெள்ளத்தின் பின் ஆற்றோரம் உயரமான கரையணைகள் எழுந்தன. வண்டல் இப்போது சதுப்புக்கு வராமல் ஆழ்கடலில் போய் விழுகிறது. எண்ணெய்க் கம்பனிகள் வெட்டிய வாய்க்கால்கள் வழியே உப்புநீரும் உள்ளே புகுந்தது.

மீட்க இரண்டு வழி. ஆற்றடி மண்ணை அகழ்ந்து குழாயில் அனுப்பிக் கொட்டலாம். நிலம் உடனே தெரியும், பிறகு மெல்ல அமிழும், மறுபடி கொட்டவேண்டும். மற்றது, கரையணையைத் திறந்து ஆற்றையே சதுப்புக்குள் திருப்புவது. நான் கணக்காளன்: முன்னையது எடுத்துத் தின்னும் வைப்புப்பணம், பின்னையது ஆண்டுதோறும் வரும் வருமானம். வெள்ளத்தைக் குறைக்க 1942இல் வெட்டி முடித்த வக்ஸ் லேக் கால்வாயின் முகத்தில், 1973 வெள்ளத்துக்குப் பிறகு புது நிலமே முளைத்தது. யாரும் திட்டமிட்டதல்ல!

பரட்டாரியாவில் அதையே திட்டமிட்டுச் செய்ய 2023இல் வேலை தொடங்கினார்கள்; செலவு ஏறத்தாழ 300 கோடி டொலர். நன்னீர் பெருகினால் சிப்பியும் இறாலும் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். 2025இல் மாநில அரசு அதைக் கைவிட்டது. இப்போது சிறிய திறப்பு, கூடுதல் அகழ்வு என்று பேசுகிறார்கள்.

கைவிட்டது பிழை என்பதே என் எண்ணம். ஆனாலும் ஐம்பது வயதில் தொழிலை விட்டு வேறு தொழில் பழகு என்று ஒரு சிப்பி மீனவனிடம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. நான் அதைச் செய்தவன்.