காற்றின் எடையும் காரின் பசியும்

மதுரைச் சமவெளியில் சீராக ஓடும் பழைய அம்பாசடர் கார், வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலையில் ஏற ஏறக் கரும்புகை கக்குவதுண்டு. எஞ்சினில் பழுது ஏதுமில்லை. பின் காரணம் என்ன?

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இந்தக் கணக்கு எடையில் அமைந்தது. எஞ்சினோ காற்றைப் பருமனால் அளந்து உறிஞ்சுகிறது. அம்பாசடரின் 1489 கன செ.மீ. எஞ்சினை 1.5 லிட்டர் எனக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டர்களை நிரப்புகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், முழு வேகமிதியில் 1500 × 1.5 = 2250 லிட்டர் காற்று உள்ளே போகும். மதுரை வெயிலில் அதன் எடை சுமார் 2.5 கிலோ, வேண்டிய பெட்ரோல் சுமார் 170 கிராம். ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் அதே 2250 லிட்டர் காற்று சுமார் 2.1 கிலோதான், 140 கிராம் பெட்ரோலே போதும். ஆனால் கார்புரேட்டர் அந்த விகிதத்தில் பெட்ரோலைக் குறைப்பதில்லை. மிகுதிப் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது.

பழைய கார்களில் டர்போசார்ஜர் பூட்டி ஆற்றலைக் கூட்டும் ஆர்வலர்கள் உண்டு. இக்கருவிக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனோடு இணைந்த விசிறி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இங்கே ஆபத்து நேர்மாறானது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால், அழுத்தப்பட்டுச் சூடான கலவை ஒழுங்காக எரியாமல் ஆங்காங்கே வெடிக்கும். இதுவே ‘நாக்கிங்’. அது தொடர்ந்தால் அலுமினிய பிஸ்டனில் துளையே விழுந்துவிடும். ஆகவே, அழுத்தம் ஏறும்போது 12 கிராம் காற்றுக்கு 1 கிராம் என்ற அளவில் பெட்ரோலைக் கூட்டுகிறார்கள். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது.

இந்த வேலையைக் கார்புரேட்டரால் நுட்பமாகச் செய்ய இயலாது. 1967-இல் போஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் 1600 காருக்கு மின்னணு எரிபொருள் பீச்சுமுறையை அளித்தது. இன்றைய சிறு கணிப்பொறிகளில் நாமே திருத்தக்கூடிய அட்டவணை ஒன்று உண்டு. வரிசைதோறும் எஞ்சினின் வேகம், நிரல்தோறும் காற்றழுத்தம். இரண்டும் சந்திக்கும் கட்டத்திலுள்ள எண், இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. காற்றின் வெப்பநிலைக்கு ஏற்பவும் அந்த நேரம் திருத்தப்படும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவியைப் பார்த்துக் கட்டம் கட்டமாக எண்களைச் சரிசெய்வதே ‘டியூனிங்’. முதலில் குறைந்த அழுத்தம். பிறகே உயர்ந்த அழுத்தம்.

இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. 1 கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். அப்படியானால், வெறும் பெட்ரோலுக்காக எழுதிய அட்டவணையின் எண்களைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? திருத்தாமல் விட்டால் பிஸ்டனுக்கு என்ன நேரும்? தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.