ஓட்டுப்பெட்டி திரும்பி வந்த கதை

"அப்பா, இந்த ஊர்ல பெரியவங்களும் இப்படித்தான் ஓட்டுப் போடுவாங்களா?" பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல் முடிந்து வந்த மகள் கேட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்பாசியாவில் வளர்ந்த எனக்கே சட்டென்று பதில் வரவில்லை.

1990 என்றால் நம் வீடுகளில் பேசுவது ஒன்றுதான்: ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை நுழைந்தது, அம்மான் வரை பஸ், அங்கிருந்து ஏர் இந்தியா விமானம். அதற்குப் பிறகு குவைத்திகள் என்ன செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

குவைத்துக்கு 1962-லேயே அரசியல் சட்டம் இருந்தது. 1963-ல் 50 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1976-லும் 1986-லும் அந்த மன்றம் கலைக்கப்பட்டது. 1990 அக்டோபரில், நாட்டை இழந்து நின்ற நேரத்தில், ஆட்சியாளர்களும் மக்கள் பிரமுகர்களும் ஜித்தாவில் கூடினார்கள். நாடு மீண்டால் 1962 சட்டத்துக்குத் திரும்புவோம் என்று அங்கே வாக்குறுதி தரப்பட்டது. 1991 பிப்ரவரியில் விடுதலை. எண்ணெய்க் கிணறுகளின் தீயை அணைக்கவே நவம்பர் ஆகிவிட்டது. ஆனாலும் 1992 அக்டோபர் 5-ல் தேர்தல் நடந்தது. அரசை விமர்சித்தவர்களே அதிக இடங்களில் ஜெயித்தார்கள்.

"அம்மாக்களும் போட்டாங்களா?" என்றாள் மகள். இல்லை. 1999-ல் அமீர் ஆணையிட்டும் மன்றம் அதை ஏற்கவில்லை. 2005 மே 16-ல்தான் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. 2009-ல் நான்கு பெண்கள் உறுப்பினர் ஆனார்கள்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. அமைச்சர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஓயாத மோதல், அடிக்கடி கலைப்பு. 2024 மே மாதம் அமீர் மன்றத்தைக் கலைத்து, சட்டத்தின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்தி வைத்தார். போருக்குப் பிறகு ஓட்டுப்பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவதே பெரிய சாதனை. அதை வருஷக்கணக்கில் ஓடவைப்பது அதைவிடக் கஷ்டம்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் கடைசியாகக் கேட்டாள்: "நீங்க எங்கப்பா ஓட்டுப் போடுவீங்க?"

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் நாமும் வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம். 2010-ல் வந்த சட்டத் திருத்தம் அது. ஆனால் ஊருக்கு நேரில் போய்த்தான் போட வேண்டும். நம் விடுமுறையோ ஜூலையில், தேர்தலோ பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். இதையே சாக்காக வைத்து இத்தனை வருஷம் நான் பெயரைக்கூடப் பதியவில்லை.

அன்று ராத்திரியே படிவம் 6ஏ-வைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தவள் அவள்தான்.