கால்ஷீட் தப்பினா ரெட் கார்டு... மத்ததுக்கு?

சாயந்திரம் ஆறு மணிக்கு வரவேண்டிய சீஃப் கெஸ்ட், ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு வந்தார்.

போன வருஷம் எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ். ஹாஸ்பிட்டாலிட்டி டீமில் நானும் ஒருத்தன். அவர் பேர் வேண்டாம். அந்த மூணு மணி நேரத்தில் நாங்க ஏ.சி. ரிமோட்டுக்கு பேட்டரி தேடினோம், சர்க்கரை போடாத காபியை ரெண்டு தடவை ஆறவிட்டுக் கொட்டினோம். மேடையில் நின்ன காம்பியரர் ஸ்டாக்கில் இருந்த மொக்கை ஜோக்கெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் எங்க ஹெச்.ஓ.டி. மாதிரி மிமிக்ரி பண்ணி மாட்டிக்கிட்டான்.

வந்தார். க்ரீன் ரூமில் பொக்கே கொடுக்க எங்க க்ளாஸ் பொண்ணு ஒருத்தி நின்னா. செல்ஃபிக்குன்னு பக்கத்தில் இழுத்து, இடுப்பில் கை போட்டார். அவ விலகினா. மறுபடி இழுத்தார். ‘‘என்னம்மா, பயமா?’’ன்னு கேட்டுட்டு, ‘‘நம்பர் குடு, ஷோ பாஸ் அனுப்பறேன்’’ என்றார். ரூமில் அப்போ நாலு பேர் இருந்தோம். நான் காபி ட்ரேயோடு நின்னுக்கிட்டு இருந்தேன். சிரிச்சேன். பெரிய மனுஷன் ஜோக் அடிச்சா சிரிக்கணும் இல்லையா, அந்தச் சிரிப்பு.

அப்புறம் மேடை ஏறினார். நாற்பது நிமிஷம்... ஆடிட்டோரியமே அதிர்ந்தது. விசில் அடிச்சவங்களில் நானும் உண்டு.

மறுநாள் அவ போய் கோஆர்டினேட்டர்கிட்ட சொன்னா. ‘‘பெரிய இடம்மா. பேமெண்ட்டும் செட்டில் ஆயிடுச்சு. விடு’’ன்னு பதில் வந்தது. விட்டுட்டா. நாங்களும் விட்டுட்டோம்.

இந்த வருஷம் மறுபடி மீட்டிங். ‘அவரையே கூப்பிடலாம்டா, கூட்டம் அள்ளும்’னு ஒருத்தன் ஆரம்பிச்சான். ‘வேணாம் மச்சி, லேட்டா வருவாரு’ன்னு இன்னொருத்தன். மொத்த மீட்டிங்கிலும் அவர் மேல வந்த ஒரே புகார் அதுதான். அப்போ அவ எழுந்து நிதானமா கேட்டா: ‘‘அவர் லேட்டா வந்தது மட்டும்தான் உங்களுக்குப் பிரச்னையா?’’

யாருக்கும் பதில் வரலை. நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

யோசிச்சுப் பார்த்தா சினிமாக்காரங்களும் எங்க மீட்டிங் மாதிரியேதான் நடந்திருக்காங்க. ‘ரொம்ப ப்ரொஃபஷனல்’னு ஒரு நடிகரைப் பாராட்டினா என்ன அர்த்தம்? சொன்ன நேரத்துக்கு வருவார், கால்ஷீட் சொதப்ப மாட்டார், டப்பிங் முடிச்சுக் கொடுப்பார். இதுக்கு நம்ம ஊரில் பெரிய உதாரணமே இருக்கு. 1967 ஜனவரி 12-ம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைச் சுட்டார் எம்.ஆர்.ராதா. எம்.ஜி.ஆர். பிழைச்சார், ஆனா குரல் மாறிடுச்சு. அப்போ ‘காவல்காரன்’ பாதியில் நின்ன படம். வேற ஆளை வெச்சு டப்பிங் பேசவிடாமல் அந்தக் குரலிலேயே பேசி முடிச்சார். அதே வருஷம் ரிலீஸ். எங்க தாத்தா இப்பவும் அந்தப் படத்தை டி.வி.யில் பார்த்தா, ‘இது பழைய குரல், இது புதுக் குரல்’னு சீன் பை சீன் சொல்வார். ராதாவும் ஜெயிலுக்குப் போய் வந்து மறுபடி நடிச்சார். அந்த வழக்கில் போலீஸ் இருந்தது, கோர்ட் இருந்தது, தண்டனை இருந்தது. துப்பாக்கிச் சத்தம் ஊருக்கே கேட்டுடும். க்ரீன் ரூமில் நடக்கறது அப்படி வெளியே கேட்காதே!

கால்ஷீட் பிரச்னைன்னா மட்டும் இண்டஸ்ட்ரி வேகமா வேலை செய்யும். ‘இம்சை அரசன்’ இரண்டாம் பாகம் பாதியில் நின்னதும், தயாரிப்பாளர் தரப்பின் புகாரில் வடிவேலுவுக்கு ரெட் கார்டு விழுந்தது. 2021-ல்தான் அது விலகியது. தமிழ்நாட்டையே சிரிக்க வெச்ச மனுஷன், மீம்ஸில் தினமும் நம்மோடு இருந்தார். தியேட்டரில் மட்டும் வருஷக்கணக்கில் காணோம். அதில் யார் பக்கம் நியாயம்ங்கறது இங்கே விஷயமில்லை. ஒரு தயாரிப்பாளரோட பணம் நின்னா, சங்கம் கூடி ஒரு ஆளையே நிறுத்திவைக்க முடியும். அந்தப் பவர் அவங்க கையில் இருக்கு.

இப்போ இன்னொரு பக்கம். 2018 அக்டோபர். ‘மீ டூ’ அலை இந்தியா முழுக்க அடிச்சப்போ, கவிஞர் வைரமுத்து மேல பாடகி சின்மயி பாலியல் புகார் சொன்னார். வைரமுத்து மறுத்தார். அதே அக்டோபரில்தான் ‘96’ ரிலீஸ். ஜானுவுக்கு, அதாவது த்ரிஷாவுக்கு, குரல் கொடுத்தவர் சின்மயி. நாமெல்லாம் உருகி உருகிக் கேட்ட அந்தக் குரலைக் கொடுத்தவரை, அடுத்த மாசமே டப்பிங் யூனியன் உறுப்பினர் லிஸ்ட்டிலிருந்து எடுத்துட்டாங்க. சந்தா கட்டலைங்கறது சொல்லப்பட்ட காரணம். அவர் அதை ஏத்துக்கலை, கோர்ட்டுக்குப் போனார். 2023-ல் ‘லியோ’வில் த்ரிஷாவுக்கு மறுபடி அவர் குரல் கேட்டப்போ, நடுவில் அஞ்சு வருஷம் ஓடியிருந்தது.

அந்தப் புகார் உண்மையா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல இருபது வயசு மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் யார்? சொல்லலை. ஆனா கணக்கு போடத் தெரியும். புகார் சொல்லப்பட்டவர் வேலையில் இருந்தார். புகார் சொன்னவருக்கு வேலை போச்சு.

கேரளாவில் என்ன நடந்ததுன்னும் பார்த்தேன். 2017-ல் ஒரு நடிகை கடத்தித் தாக்கப்பட்ட பிறகு, நீதிபதி ஹேமா தலைமையில் கமிட்டி போட்டாங்க. நம்ம பழைய படங்களில் பார்த்த சாரதாவும் அதில் ஒரு உறுப்பினர். 2019 டிசம்பரில் அறிக்கை ரெடி. வெளியே வந்தது 2024 ஆகஸ்டில்! நாலரை வருஷம் அலமாரியில். எங்க யுனிவர்சிட்டி ரிவேல்யூவேஷன் ரிசல்ட்டே தேவலை. உள்ளே என்ன இருந்தது? வேலைக்குப் பதிலா ‘அட்ஜஸ்ட்’ கேட்பது மட்டுமில்லை. ஷூட்டிங் ஸ்பாட்டில் டாய்லெட் இல்லை, உடை மாத்த பாதுகாப்பான இடம் இல்லை. பெண்கள் தண்ணியே குடிக்காமல் இருந்திருக்காங்க. படிச்சதும் எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. ஏன்னா இதெல்லாம் யாரோ ஒரு ஹீரோ பண்ற தப்பு மட்டும் இல்லை. பக்கத்தில் ட்ரேயோடு நிக்கறவனும் அதில் இருக்கான்.

அறிக்கை கிளப்பின புயலில் ‘அம்மா’ சங்கத்தின் நிர்வாகக் குழு கூண்டோடு ராஜினாமா. செப்டம்பரில் நம்ம நடிகர் சங்கமும் கூடி, பாலியல் புகார் நிரூபணமானா அஞ்சு வருஷம் தடைன்னு தீர்மானம் போட்டது. ஆக, கடைசியில் அதுக்கும் ஒரு கார்டு வந்தாச்சு. அதே தீர்மானத்தில், மீடியாவுக்குப் போகாமல் முதலில் எங்க கமிட்டிக்கு வாங்கன்னும் சொன்னாங்க. இதில்தான் எனக்கு டவுட். கமிட்டி மேல நம்பிக்கை இருந்தா யாரும் மைக் தேடிப் போக மாட்டாங்களே!

‘கலை வேற, கலைஞன் வேறடா’ன்னு என் ரூம்மேட் சண்டைக்கு வந்தான். ஹெட்போனில் பாட்டு கேட்கறவரைக்கும் அவன் சொல்றது சரின்னே வெச்சுக்கலாம். பாட்டு என் கையைப் பிடிச்சு இழுக்காது. ஆனா ஒரு ஆளுக்கு லட்சக்கணக்கில் பணம் கொடுத்து, கார் அனுப்பி, கேம்பஸுக்குள் கூட்டிட்டு வர்றது நாங்க. அங்கே கலையை மட்டும் கேட்டில் இறக்கிவிட்டு, கலைஞனை வெளியே நிறுத்தவா முடியும்?

சட்டம் இருக்கா? இருக்கு. பத்து பேருக்கு மேல வேலை செய்யற எந்த இடத்திலும் புகார் கமிட்டி வேணும்னு 2013 சட்டம் சொல்லுது. காலேஜ்களுக்கு யு.ஜி.சி. 2015-லும், ஏ.ஐ.சி.டி.இ. 2016-லும் தனி விதிகள் கொண்டுவந்தாச்சு. வெளியிலிருந்து வர்றவங்க பண்றதும் அதில் அடக்கம். எங்க காலேஜ் கமிட்டி மெம்பர்ஸ் லிஸ்ட், பஸ் டைமிங்குக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கு. மூணு வருஷமா பஸ் டைமிங்கை மட்டும்தான் பார்த்திருக்கேன். புகார் கொடுக்க மூணு மாசம் டைம். சரியான காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம். அவ விஷயத்தில் ரெண்டும் தாண்டியாச்சு. ‘விடு’ன்னு சொன்ன ஒரு வார்த்தை அந்த டைமை முழுங்கிடுச்சு.

இதை எழுதலாமான்னு அவகிட்ட கேட்டேன். ‘‘எழுது. ஆனா நீ சிரிச்சதையும் எழுது’’ என்றாள்.

இந்த வருஷம் ஹாஸ்பிட்டாலிட்டி ஹெட் அவதான். கெஸ்ட்டோட மேனேஜருக்கு அனுப்ப ஒரு பக்க லெட்டர் ரெடி பண்ணியிருக்கா. வர வேண்டிய நேரம், லேட்டானா எவ்வளவு பிடிப்போம், அது முதல் பாரா. வாலண்டியர் யாரும் தனியா ரூமுக்குள் வர மாட்டாங்க, யார் நம்பரும் கேட்கக்கூடாது, புகார் வந்தா காலேஜ் கமிட்டிக்குப் போகும், அது ரெண்டாவது பாரா. கோஆர்டினேட்டர் ரெண்டாவது பாராவை அடிச்சுட்டுக் கொடுத்தார். அவ மறுபடி டைப் பண்ணி, இந்த முறை பிரின்சிபல் டேபிளில் வெச்சுட்டு வந்தா. மூணு நாள் கழிச்சு சைன் ஆகி வந்தது.

மொத்தம் மூணு பேருக்கு அனுப்பினோம். ஒரு பாடகியின் மேனேஜர் பத்தே நிமிஷத்தில் ‘ஓகே’ன்னு பதில் போட்டார். ஒருத்தர், ‘இப்படியெல்லாம் எந்தக் காலேஜும் கேட்டதில்லையே’ன்னு போன் பண்ணினார். மூணாவது ஆளிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

க்ரீன் ரூம் கதவு கடைசிவரைக்கும் திறந்தே இருக்கணும்னும் அந்த லெட்டரில் ஒரு வரி இருக்கு. எங்க க்ரீன் ரூம் கதவு தானா சாத்திக்கும். அதுக்கு டோர் ஸ்டாப்பர் வாங்கற வேலையை எனக்குக் கொடுத்திருக்கா.